இரண்டு தரப்புக்கும் ஒரே எடிட்டர்

குமரி மாவட்டத்து மார்த்தாண்டத்தில் நான் வேலை பார்க்கும் ஸ்டுடியோவில் எழுதி ஒட்டாத ஒரு விதி உண்டு. தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் இரண்டு பேருக்கு ஒரே நாளில் நேரம் கொடுக்கக் கூடாது. கல்யாண வீடியோ, கோயில் கொடை, சர்ச் திருவிழா என்று ஓடிக்கொண்டிருந்த காலத்தில் இப்படி ஒரு விதிக்குத் தேவையே இருக்கவில்லை. மாப்பிள்ளை வீடும் பெண் வீடும் பந்தியில் முறைத்துக்கொண்டாலும் ஆல்பம் ஒன்றுதானே.

எல்லாம் 2020இல் மாறியது. ஊரடங்கில் கல்யாணத்துக்கு ஐம்பது பேருக்கு மேல் கூடாது என்றார்கள். ஐம்பது பேர் வரும் கல்யாணத்துக்கு எதற்கு ட்ரோன்? ஜூன் 29ஆம் தேதி டிக்டாக்கைத் தடை செய்தார்கள். அதில் ஆடிப் பாடிக்கொண்டிருந்தவர்கள் நாலைந்து நாள் துக்கம் கொண்டாடிவிட்டு யூடியூப் பக்கம் வந்தார்கள். செப்டம்பரில் ஷார்ட்ஸ் என்ற குட்டி வீடியோக்களை யூடியூப் முதன்முதலில் சோதித்துப் பார்த்ததும் இந்தியாவில்தான். ரப்பர் வெட்டுகிறவர், வளைகுடாவிலிருந்து திரும்பியவர், வள்ளத்தில் மீன் பிடிக்கப் போகிறவர், மரச்சீனிக் கிழங்கும் மீனும் சமைத்துக் காட்டும் அக்கா என்று ஆளாளுக்கு ஒரு சேனல். எடிட்டிங் தெரியாதவர்களும், தெரிந்தாலும் நேரமில்லாதவர்களும் எங்களிடம் வந்தார்கள். அப்படித்தான் மாவட்டத்தின் பாதிச் சேனல்களுடைய வெட்டாத வீடியோக்கள் என் மேசைக்கு வந்து சேர்ந்தன. பாதி என்பது என் பெருமைக்காகச் சொல்வது, கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

இவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழுவும் இருந்தது. என்னையும் சேர்த்திருந்தார்கள். வெளியே இருந்து பார்க்கிறவர்கள் இதைப் போட்டிக் கூட்டம் என்று நினைப்பார்கள். தொடக்கத்தில் அது நல்ல கூட்டமாகத்தான் இருந்தது. விளம்பர வருமானம் வர ஆயிரம் சப்ஸ்க்ரைபரும், பன்னிரண்டு மாதத்துக்குள் நாலாயிரம் மணி நேரப் பார்வையும் வேண்டும் என்பது 2018இல் வந்த நிபந்தனை. அதைத் தாண்டியவர் தாண்டாதவருக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுப்பார். கணக்கில் பத்து டாலர் சேர்ந்ததும் வீட்டு முகவரியை உறுதிப்படுத்த கூகுளிலிருந்து ஒரு பின் எண் தபாலில் வரும். எங்கள் பக்கத்தில் கதவு எண்ணைவிட வீட்டுப் பெயரும், விளை என்று நாங்கள் சொல்லும் தோட்டத்தின் பெயரும்தான் முகவரி. அந்தக் கடிதம் வந்து சேருமா என்ற கவலை எல்லோருக்கும் இருக்கும். தபால்காரர் கொண்டு வந்து கொடுத்த அன்று உறையைப் படம் எடுத்துக் குழுவில் போடுவார்கள். கையில் காசு வர நூறு டாலர் சேர வேண்டும், அது இன்னும் வெகு தூரம். ஆனாலும் அன்றைக்குக் குழுவில் ஒரு வீட்டு விசேஷம்போல வாழ்த்து குவியும். அந்த மகிழ்ச்சியில் பொய் இருந்ததாக நான் நினைக்கவில்லை. இரண்டு நாள் கழித்து, "அவனுக்கு எப்படி இவ்வளவு சீக்கிரம் வந்தது?" என்று தனியாக எனக்கு வரும் குரல் செய்தியிலும் பொய் இல்லை.

2021 நவம்பர் வெள்ளத்தில் இந்தக் குழு செய்ததை மறக்க முடியாது. எந்தச் சாலையில் தண்ணீர் ஏறியிருக்கிறது, எந்தப் பாலத்தில் வண்டி விடவில்லை, தண்டவாளம் எங்கே அரித்திருக்கிறது என்று முழங்கால் தண்ணீரில் நின்று எடுத்து அனுப்பினார்கள். சேனலில் போடுவதற்கு முன்பு குழுவில் போட்டார்கள். வியூஸ் தேடுகிறவன் அப்படிச் செய்யமாட்டான். அதே வாரத்தில்தான் ஒருவர் பழைய கேரள வெள்ளக் காட்சி ஒன்றை நம்ம ஊர் என்று போட்டுவிட, விடிய விடியச் சண்டை. சண்டை போட்டவர்கள் யார் என்று பார்த்தால், தண்ணீரில் நின்றவர்களேதான்.

யூடியூப் டிஸ்லைக் எண்ணிக்கையை மறைத்ததும் அதே மாதம். குழுவில் ஒரு பெரிய வம்பு ஓயும் என்று நம்பினேன். அதுவரை, "நம்ம குழுவுல நாற்பது பேரு இருக்கோம், எனக்கு மூணு டிஸ்லைக், அந்த மூணு பேரு யாரு?" என்று விசாரணை நடக்கும். பார்ப்பவர்களுக்குத்தான் அந்த எண் மறைந்தது. சேனல்காரருக்கு அவருடைய கணக்கில் இன்றும் தெரியும். விசாரணையும் ஓயவில்லை.

குழுவில் சண்டையே போடாதவர்களும் உண்டு. அவர்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. 'நீங்க எனக்கு சப்ஸ்க்ரைப், நான் உங்களுக்கு' என்ற ஏற்பாட்டை நடத்தியவர்கள் இவர்கள்தான். இருபது நிமிட வீடியோ ஏறி ஒரு நிமிடத்துக்குள் 'அருமை அண்ணே, சூப்பர்' என்று எழுதிவிடுவார்கள். மற்றவர் வீடியோவைச் சத்தத்தை அடக்கி ஓடவிட்டுவிட்டு மாடு குளிப்பாட்டப் போவார்கள். இது யூடியூப் விதிப்படி போலி ஈடுபாடு, கண்டுபிடித்தால் கணக்கிலிருந்து கழித்துவிடும், சேனலுக்கும் ஆபத்து என்று சொன்னால், "ஒருத்தருக்கொருத்தர் உதவிதானே" என்பார்கள். அவ்வளவு மரியாதை, அவ்வளவு இனிமை. யார் வீடியோவையும் யாரும் பார்த்திருக்கமாட்டார்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இதற்கு நேர் எதிர். குழுவில் வரும் ஒவ்வொரு வீடியோவையும் கடைசி நொடிவரை பார்ப்பார், குறை சொல்வார். ஒரு பையன் குளச்சலில் நின்று, இங்கேதான் மார்த்தாண்ட வர்மா வெள்ளைக்காரனைத் தோற்கடித்தார் என்று பேசிக்கொண்டே போய், அப்படியே ஆங்கிலேயர் என்று சொல்லிவிட்டான். சார் விடுவாரா? 1741இல் தோற்றது டச்சுக்காரர், பிடிபட்ட டி லனாய் பிறகு திருவிதாங்கூர்ப் படையையே பழக்கினார், உதயகிரிக் கோட்டையில் அவர் கல்லறையே இருக்கிறது, போய்ப் பார்த்துவிட்டுப் பேசு என்று எழுதினார். பையனின் நண்பர்கள் திரண்டு வந்தார்கள். சாருக்குப் பொறாமை, சொந்தமாக ஒரு வீடியோ போடத் தெரியாதவர் என்றெல்லாம் பேசி, கடைசியில் அட்மின் அவரை நீக்கினார். நீக்கிய அன்றே அந்தப் பையன் எனக்கு போன் செய்தான். "அண்ணா, அந்தப் பகுதிய மட்டும் எடுத்துரலாமா? யாருக்கும் தெரியப்பிடாது." ஏற்றிய வீடியோவை வேறொன்றாக மாற்ற முடியாது, ஆனால் வியூஸ் போகாமல் நடுவில் ஒரு துண்டை வெட்டி எடுக்கலாம். வெட்டினேன். இப்போது அந்த வீடியோவில் மார்த்தாண்ட வர்மா யாரை வென்றார் என்றே சொல்லாமல் வெல்கிறார்.

சமையல் சேனல்களின் சண்டை வேறு ரகம். மீன் புளிமுளத்தில் மாங்காய் போட்டால் புளி விடலாமா கூடாதா என்று தொடங்கி, உன் ஊரில் அப்படி, என் அம்மா வீட்டில் இப்படி என்று போகும். பார்க்கவே நன்றாக இருக்கும். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, இரண்டு குழம்பும் நன்றாகத்தான் இருந்தன.

பெரிய சண்டை கடலுக்கும் மலைக்கும் நடுவில் வந்தது. முட்டம் பக்கத்து வள்ளக்காரத் தம்பி ஒருவன் மீன்பிடிச் சேனல் வைத்திருக்கிறான். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து கடலுக்குப் போய், ஒரு கையால் போனைப் பிடித்துக்கொண்டு மறு கையால் வலை இழுக்கிறவன். குலசேகரம் பக்கத்துத் தம்பி ஊர் சுற்றிக் காட்டுகிறவன். மாத்தூர் தொட்டிப்பாலம், திற்பரப்பு, சிதறால் என்று போகிறவன். எங்கள் மாவட்டம் சின்னது, சுற்றிச் சுற்றி எல்லோரும் அதே பாலத்தில்தான் நிற்க வேண்டும். கொஞ்ச நாளில் இடம் தீர்ந்துவிடும். அப்படித் தீர்ந்த சமயத்தில் குமரியின் காலைப் பொழுது என்று ஒரு வீடியோ செய்தான். அதில் வள்ளக்காரத் தம்பியின் காட்சி ஒன்று, விடியலில் அயிலை மீன் மின்ன மின்ன வலை ஏறும் காட்சி, முக்கால் நிமிடம் வந்தது. கேட்கவில்லை, பெயரும் போடவில்லை.

குழுவில் முதலில் வந்தது கோபமில்லாத ஒரு வரிதான். "ஒரு வார்த்தை கேட்டிருந்தா தரமாட்டேன்னா சொல்லியிருப்பேன்?" இதற்கு, "தப்புதான்டே" என்று பதில் வந்திருந்தால் முடிந்திருக்கும். வந்தது, "கடல் என்ன உங்க அப்பன் வீட்டுச் சொத்தா?"

மறுநாள் வள்ளக்காரத் தம்பி யூடியூபில் காப்புரிமைப் புகார் செய்து ஸ்ட்ரைக் கொடுத்துவிட்டான். இங்கே ஒன்று சொல்ல வேண்டும், பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். வீடியோவில் சேர்த்த பாட்டுக்கு வருமே க்ளெய்ம் என்ற அந்த உரிமைக் கோரிக்கை, அதனால் பெரும்பாலும் விளம்பரக் காசு பாட்டுக்காரருக்குப் போகும், சேனலுக்கு ஒன்றும் ஆகாது. ஸ்ட்ரைக் அப்படியில்லை. வீடியோ இறங்கிவிடும். 90 நாளில் அது காலாவதியாகும், ஆனால் அதற்குள் மூன்று சேர்ந்தால் சேனலையே மூடிவிடுவார்கள். இதெல்லாம் 1998இல் அமெரிக்காவில் போட்ட ஒரு காப்புரிமைச் சட்டத்தின் வழியில் நடப்பது. சாயாக் கடையில் நாலு வார்த்தை கூடக்குறையப் பேசித் தீர வேண்டிய விஷயம் கலிபோர்னியா வழியாகப் போக ஆரம்பித்தால் யாருக்கும் இறங்கிவரத் தெரிவதில்லை. படிவத்தில் வருத்தம் எழுத இடம் கிடையாது, குற்றம் எழுத மட்டும்தான் கட்டம் இருக்கிறது.

இரண்டு பேருமே எங்கள் வாடிக்கையாளர்கள். முதலாளி அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மக்களே, ரெண்டு பேரும் நமக்குச் சோறு போடுதவங்க. ஒருத்தன் சொன்னது மத்தவன் காதுல விழப்பிடாது, கேட்டியா?" சரி என்றேன். செவ்வாய் ஒருவன், வெள்ளி ஒருவன்.

வள்ளக்காரத் தம்பி ஒரு பதில் வீடியோ எடுத்துக்கொண்டு வந்தான். வெட்டுவதற்காக முழுவதையும் பார்த்தேன். முதல் தடவை பேசும்போது, அந்தக் காட்சியை எடுத்த நாளில் அப்பாவும் கூட வந்திருந்தார் என்ற இடத்தில் குரல் உடைந்து அழுதுவிட்டான். அப்பா இப்போது இல்லை. ஆனால் போன் ஃபோகஸ் பின்னால் இருந்த சுவருக்குப் போய்விட்டது, முகம் கலங்கித் தெரிகிறது. அவனே அதைப் பார்த்துவிட்டு இரண்டாம் தடவை எடுத்திருக்கிறான். அதில் முகம் தெளிவாக இருக்கிறது, கண்ணீர் வரவில்லை. மூன்றாம் தடவையில் தலையைக் குனிந்து, மூக்கை உறிஞ்சி, கொஞ்சம் நடித்து முடித்திருக்கிறான். "மூணாவது போடுங்க அண்ணா, கீழ சோகமா ஒரு மியூசிக்கும் விடுங்க" என்றான். போட்டேன். கீழே வந்த கருத்துகளில் பாதிப் பேர் நடிப்பு என்று எழுதினார்கள். அவர்கள் சொன்னது சரி. அவன் மனதில் இருந்ததும் உண்மை. இரண்டையும் அறிந்தவன் நான் ஒருவன், எனக்கோ வாயைத் திறக்க அனுமதி இல்லை.

வெள்ளிக்கிழமைத் தம்பியின் கதையும் அப்படித்தான். கேமராவில் ஒரே வீறாப்பு. "யாரு எவ்வளவு ஸ்ட்ரைக் வேணும்னாலும் அடிங்கடே" என்று கையை ஆட்டுவான். ரெக்கார்டிங்கை நிறுத்த மறந்த கடைசி நிமிடத்தில் கூட இருந்தவனிடம் கேட்கிறான்: "லேய், நான் கேட்டிருக்கணுமோ?" கேமராவுக்கு வெளியே நாம் சொல்வதெல்லாம் உண்மை, உள்ளே சொல்வதெல்லாம் வேஷம் என்று இந்தத் தொழிலில் சிலர் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அந்த வீறாப்பும் அவனுடையதுதான். நாலு பேர் பார்க்க மானத்தோடு நிற்க வேண்டும் என்ற ஆசையை எப்படி வேஷம் என்பது? அந்தக் கடைசி நிமிடத்தை வெட்டியதும் என் வேலைதான்.

ஸ்ட்ரைக்கை எதிர்த்து அவன் மறுப்புப் படிவம் கொடுத்தான். அதில் உண்மைப் பெயர், வீட்டு முகவரி, போன் எண் எல்லாம் எழுத வேண்டும், எழுதியது அப்படியே எதிராளிக்கு அனுப்பப்படும். பத்து வேலை நாளுக்குள் எதிராளி நீதிமன்றத்துக்குப் போனதைக் காட்டவில்லை என்றால் வீடியோ திரும்ப வரலாம். இது பலருக்குத் தெரியாது, தெரிந்ததும் பயந்து பின்வாங்குவார்கள். இவன் பயப்படவில்லை. வள்ளக்காரத் தம்பிக்கு வந்த மின்னஞ்சலில் இருந்த வீட்டு முகவரி, அவனுடைய அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊருக்குப் பக்கத்து விளை. அக்காவுக்கு போன் போட்டு விசாரித்திருக்கிறான். "அந்தப் பையனா? நம்ம வீட்டுக்கு ஓடு மாத்தினப்போ வந்து நின்னு உதவி பண்ணினானே" என்று அக்கா சொல்லியிருக்கிறாள். நாலு நாள் யோசித்துவிட்டு ஸ்ட்ரைக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டான். மற்றவன் அந்த முக்கால் நிமிடத்தை எடுத்துவிட்டு வீடியோவை மறுபடி ஏற்றினான். எடுத்துக் கொடுத்தது நான்.

சமாதானமானார்களா என்றால் இல்லை. இன்றுவரை பேசிக்கொள்வதில்லை. குழு இரண்டாக உடைந்தது, கடல் குழு ஒன்று, மலைக் குழு ஒன்று. இரண்டிலும் நான் இருக்கிறேன். மழை வலுத்தால் பேச்சிப்பாறை அணையில் தண்ணீர் திறந்த செய்தி மலைக் குழுவில் வரும். அடுத்த சில நிமிடத்தில் அனுப்பியவர் பெயர் நீங்கி அது கடல் குழுவுக்கு வந்துவிடும். கடலுக்குப் போக வேண்டாம் என்ற எச்சரிக்கை அதே வழியில் எதிர்த்திசையில் போகும். யாரோ இரண்டு பக்கமும் கடத்துகிறார்கள். யார் என்று இரண்டு குழுவிலும் அவ்வப்போது விசாரணை நடக்கிறது. ஆசிரியர் சாரை இரண்டு குழுவும் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர் சொந்தமாகச் சேனல் தொடங்கியிருக்கிறார். முதல் வீடியோ டி லனாய் பற்றி, ஐம்பத்திரண்டு நிமிடம். எவ்வளவு சொல்லியும் ஒரு நிமிடம்கூட வெட்ட விடமாட்டேன் என்கிறார்.

போன மாதம் முதலாளி அண்ணன் புது விலைப்பட்டியல் அடித்து ஒட்டினார். சாதாரண வீடியோவுக்கு ஒரு ரேட், ஷார்ட்ஸுக்கு ஒரு ரேட். அதற்குக் கீழே, பதில் வீடியோவுக்கு ஒன்றரை மடங்கு. "அதுக்கு எதுக்கு அண்ணா கூடுதல்?" என்று கேட்டேன்.

"ரெண்டு தடவை வெட்டணும்லா. கோவத்துல ஒரு தடவை, பிறகு வந்து அதை எடு இதை எடும்பானுவ, அப்போ ஒரு தடவை."