பன்னிரண்டால் பெருக்கினால் போதாது

காரைக்குடியில் ஒரு சேலைக் கடையில் கணக்கு எழுதுகிறேன். கண்டாங்கிச் சேலை எத்தனை வந்தது, எத்தனை போனது என்று ஒரு ரூபாய் பிசகாமல் சொல்வேன். என் மகனைப் பகல்நேரக் காப்பகத்தில் விட ஆகும் செலவைத்தான் கோட்டைவிட்டேன்.

மகனுக்கு ஒன்றரை வயதானபோது வேலைக்குத் திரும்பினேன். 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடமென்றால் குழந்தைக் காப்பக வசதி செய்துதர வேண்டும் என்பது சட்டம். எங்கள் கடையில் மொத்தமே பதினான்கு பேர். மாமியாருக்கு முழங்கால் வலி, ஓடும் பிள்ளையைப் பிடிக்க முடியாது. அங்கன்வாடியில் ஆடல் பாடலோடு சொல்லித்தருவது இரண்டு வயதுக்கு மேல்தான். சரி, காப்பகம் என்று முடிவானது. மாதம் 3,500. காலண்டர் தாளின் பின்பக்கம் பன்னிரண்டால் பெருக்கி 42,000 என்று எழுதி, அதோடு நிம்மதியாகிவிட்டேன்.

முதல் மாதமே சேர்க்கைக் கட்டணம் 2,000. பிறகு காய்ச்சல். காய்ச்சல் பிள்ளையைக் காப்பகத்தில் எடுக்க மாட்டார்கள் (அது நியாயம்தான்), ஆனால் அந்த மாதக் கட்டணமும் குறையாது, எனக்குச் சம்பளமும் போகும். ஒரு நாளுக்கு 600 வீதம் ஆண்டில் ஒன்பது நாள். தீபாவளி நெருங்கியதும் கடை மூட இரவு ஒன்பதானது. காப்பகமோ ஆறு மணிக்கே பூட்டு. தாமதக் கட்டணமாக மட்டும் 1,400 கட்டினேன். முத்துமாரியம்மன் கோயில் பால்குடத்தன்று காப்பகம் விடுமுறை, கடையில் கூட்டம் அள்ளியது. பக்கத்து வீட்டு ஆச்சிதான் அன்று பிள்ளையைப் பார்த்துக்கொண்டார். காசு கொடுத்தால் முகம் சுளிப்பார், அதனால் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சேலை.

இதையெல்லாம் அப்பத்தாவிடம் புலம்பினேன். செட்டியார் வீட்டில் நாற்பது வருடம் சமையல் பார்த்தவர். “ஏத்தா, அந்த வீட்ல பூ வாங்குன காசைக்கூடச் சிட்டையில எழுதுவாக. நீ ஊருக்கெல்லாம் எழுதுற, ஒம் புள்ளைக்கு எழுத மாட்டியா?” என்றார்.

அன்றிரவே நோட்டு போட்டேன். மாதத்துக்கு ஒரு பக்கம். அந்த மாதத் திருவிழா, கடை சீசன், காப்பக விடுமுறை எல்லாம் மேலே. கட்டணம் 42,000, சேர்க்கை 2,000, மாலை ஆட்டோ மாதம் 1,100 வீதம் 13,200, போன சம்பளம் 5,400, ஆச்சிக்கு 2,500, தாமதம் 1,400. கூட்டினால் 66,500. மாதத்துக்கு ஏறக்குறைய 5,550! ஆட்டோ எப்படி விட்டுப்போனது என்பதுதான் இன்னும் புரியவில்லை, தினமும் நானே கொடுக்கும் காசு.

இப்போது சம்பளம் வந்த அன்றே 5,600 தனிக் கணக்குக்குப் போய்விடுகிறது. ஐப்பசி மாதம் மட்டும் ஆறு மணிக்குப் பிள்ளையைக் கூட்டிவர ஆச்சியிடம் முன்கூட்டியே சொல்லிவைத்திருக்கிறேன். அடுத்த ஆண்டுக் கட்டணம் எவ்வளவு ஏறும் என்று காப்பகத்தில் மார்ச்சிலேயே கேட்டேன். 300 என்றார்கள். ஜூன் பக்கத்தில் எழுதியாயிற்று.