பத்து ஆண்டுத் தொழிலுக்குப் பிறகு நிணநீர் வடிகால் சிகிச்சை கற்றபோது

தஞ்சாவூரில் பத்து ஆண்டுகளாகப் பிசியோதெரபி செய்துவந்தேன். தோள் இறுக்கத்துக்காக வந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஒருநாள் தன் இடக்கையை என் முன் நீட்டினார். மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பின் முழங்கைக்கு மேல் வரை வீங்கியிருந்தது. "இதையும் கொஞ்சம் பாரேன் அம்மா, இந்தக் கையில் வளையல் ஏறி இரண்டு வருடம் ஆகிறது" என்றார். தோளுக்கு என்னிடம் வழி இருந்தது, வீக்கத்துக்கு இல்லை. கையை உயர்த்தி வைக்கச் சொல்லி அனுப்பியது எனக்கே ஒப்பவில்லை. அந்த ஆண்டே, திசுக்களில் தேங்கும் நிணநீரைக் கையால் மென்மையாக வடிக்கும் நிணநீர் வடிகால் சிகிச்சைப் பயிற்சியில் சேர்ந்தேன்.

எந்தப் பயிற்சியில் சேர்வது என்பதில் கவனம் வேண்டும். இந்தக் கைமுறையை 1930களில் உருவாக்கியவர்கள் டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வோடரும் அவர் மனைவி எஸ்ட்ரிட்டும். பிறகு ஜெர்மனியில் மருத்துவர் ஃபோல்டி அதனுடன் அழுத்தக் கட்டு, உடற்பயிற்சி, தோல் பராமரிப்பு மூன்றையும் சேர்த்து முழுச் சிகிச்சையாக்கினார். கையால் தடவுவதை மட்டும் இரண்டே நாளில் சொல்லிக்கொடுத்து, உடல் மெலியும், நச்சு வெளியேறும் என்று விளம்பரம் செய்யும் வகுப்புகள் இருக்கின்றன. நோயாளியைத் தொடப்போகிறவருக்கு அவை உதவா. வீக்கத்தை வற்றவைப்பதில் பெரும்பங்கு கட்டுக்குத்தான். நான் சேர்ந்தது 135 மணி நேரப் பயிற்சி. அதில் 45 மணி நேரம் பாடம், 90 மணி நேரம் செய்முறை.

பாடம் எனக்குக் கடினமாக இல்லை. உடலின் வலது மேற்பகுதியின் நிணநீர் ஒரு வழியாகவும் மற்ற எல்லாப் பகுதிகளின் நிணநீர் நெஞ்சுக் குழாய் என்னும் பெரிய நிணநீர்க் குழாய் வழியாகவும் இரத்தத்தில் சேர்வதைக் கல்லூரியிலேயே படித்திருக்கிறோம். எந்தப் பகுதியின் நிணநீர் எந்தப் பக்கம் வடியும் என்று தோலில் பிரிக்கும் எல்லைக் கோடுகள்தாம் மறந்துகொண்டே இருந்தன. தங்கையின் முதுகில் கண்மைப் பென்சிலால் வரைந்து வரைந்து மனத்தில் ஏற்றினேன்.

கஷ்டப்பட்டது என் கைதான். பத்து ஆண்டுகளாகத் தசைக்குள் கட்டைவிரலை ஊன்றி முடிச்சை அவிழ்த்துப் பழகிய கை. இங்கே தோலை மட்டும் நகர்த்த வேண்டும். தசை தட்டுப்படக் கூடாது. தோலை மெல்ல இழுத்து வட்டமாகக் கொண்டுபோய், பிறகு முழுதாக விட்டுவிட வேண்டும். அந்த விடும் நேரத்தில்தான் நுண்குழாய்க்குள் நீர் மறுபடி நிரம்புகிறது. நான் விடவே இல்லை. ஆசிரியர் என் தோழியின் முன்கையைக் காட்டி, "சிவந்திருக்கிறது பாருங்கள். சிவந்தால் இரத்த ஓட்டம் கூடுகிறது, வீக்கத்துக்கு நீங்களே நீர் சேர்க்கிறீர்கள்" என்றார். ஐந்தாம் நாளில்தான் சிவக்காமல் செய்யக் கை பழகியது. ஏற்கெனவே மசாஜ் தெரிந்தவர்கள் இதற்கென்று கூடுதல் நாட்களை ஒதுக்கிக்கொள்ளுங்கள். புதிதாக வந்தவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு.

வரிசை எனக்கு உடனே பிடிபட்டது. வயலில் தேங்கிய நீரை வடிக்க முதலில் வடிகால் வாயைத் தூர் வாருவோம் அல்லவா? இதுவும் அப்படித்தான். இடது அக்குளில் நிணநீரை வடிகட்டும் கணுக்களை எடுத்துவிட்ட நோயாளிக்கு முதலில் கழுத்து, அடுத்து வலது அக்குள், இடது தொடையிடுக்கு, அதன் பின் உடற்பகுதி. வீங்கிய கையைத் தொடுவது கடைசியில்தான். அதிலும் மேற்கை முடிந்த பிறகே முன்கை.

கட்டுக்குக் கிரேப் பேண்டேஜ் எடுக்காதீர்கள். அதிகம் நீளாத பட்டைதான் தேவை. தசை அசையும்போது அது எதிர்த்து நின்று நீரைத் தள்ளும், ஓய்வில் இறுக்காது. ஒரே இழுவையில் சுற்றினாலும் மெலிந்த மணிக்கட்டில் அழுத்தம் கூடுதலாகவும் பருத்த மேற்கையில் குறைவாகவும் விழும். அதுதான் நமக்கு வேண்டியது. மேலே போகப் போகப் பட்டையை இறுக்கி இழுத்தால் அது தலைகீழாகிவிடும்.

செய்முறைத் தேர்வில் எனக்கு வந்த கேள்வி இது: ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, கெண்டைக்காலில் வலியும் சூடும் இருக்கிறது, என்ன செய்வீர்கள்? தொடையிடுக்கிலிருந்து வரிசையைச் சொல்லத் தொடங்கிவிட்டேன். பாதியில் உறைத்தது. அது காலின் ஆழ்சிரையில், அதாவது உள்ளே ஓடும் இரத்தக் குழாயில், இரத்த உறைவாக இருக்கலாம். கை வைக்கவே கூடாது, உடனே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். திருத்திச் சொன்னேன், தேறினேன். காய்ச்சலோடு தோல் சிவந்த தொற்று, கட்டுப்பாட்டில் இல்லாத இதயச் செயலிழப்பு ஆகியவற்றுக்கும் இதே விதிதான். தேர்வுக்குப் படிக்கும்போது எப்படிச் செய்வது என்பதற்கு முன்னால், எப்போது செய்யக் கூடாது என்பதைப் படியுங்கள்.

தொழிலில் சேர்க்கும்போது நேரக் கணக்கு இடிக்கும். கட்டோடு சேர்த்து ஒருவருக்கு ஒன்றரை மணி நேரம் பிடிக்கிறது. அதே நேரத்தில் முதுகுவலிக்காரர்கள் மூவரைப் பார்த்துவிடலாம். மதிய வேளையில் இருவருக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டேன். முதல் நாளே நான்கு செ.மீ. இடைவெளியில் கையின் சுற்றளவை எடுத்து எழுதிவிடுவேன். அந்த ஆசிரியையின் நோட்டில் வாரம் ஒரு வரிசையாக அளவுகள் இருக்கின்றன. இந்த வாரம் மணிக்கட்டில் ஒன்றரை செ.மீ. குறைந்திருக்கிறது, முழங்கைக்கு மேலே இன்னும் இறங்கவில்லை.