அப்பாவின் குரல் இருந்த டேப்லெட்

கோத்தகிரியில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் விடாது. அன்று ராத்திரி மட்டும் மூன்று தடவை கரண்ட் போய் வந்தது. அப்பாவின் ஐபேடில் அப்டேட் ஓடிக்கொண்டிருந்தது. சார்ஜரில் சொருகிவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் பார்த்தால் திரை கறுப்பு. எந்தப் பட்டனை அழுத்தியும் அசைவில்லை.

அப்பா ஆவணியில் தவறிப்போனார். அதற்கு முந்தின ஒரு வருஷம், சாயங்காலம் ஆனால் டேப்லெட்டைக் கம்பளிக்குள் வைத்துக்கொண்டு பேச உட்கார்ந்துவிடுவார். இலங்கையில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர்கள் குடியிருந்த லயம், இந்தியாவும் இலங்கையும் போட்ட 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியாவுக்குப் பேர் கொடுத்தது, தலைமன்னாரில் கப்பல் ஏறியது, திரும்பி வந்தவர்களைத் தங்கவைத்த மண்டபம் கேம்ப், அங்கிருந்து இந்த மலைக்கு வந்து கொழுந்து எடுத்தது எல்லாம் வாய்ஸ் மெமோவில் 41 பதிவுகள். வேறெங்கும் நகல் கிடையாது. ஆப்பிள் இணையத்தில் இலவசமாகத் தரும் 5 ஜிபி ஐகிளவுட் இடம் பிள்ளைகளின் வீடியோவிலேயே நிரம்பி, பேக்கப் நின்று மாசக்கணக்கில் ஆகியிருந்தது. அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

அரிசிக்குள் புதைத்து வை என்றார் பக்கத்து வீட்டு அக்கா. அதை மட்டும் செய்யாதீர்கள். அரிசித் தூளும் குருணையும் சார்ஜர் ஓட்டைக்குள் போய் இன்னும் கெடுக்கும்.

டவுனில் ஒரு கடையில் காட்டினேன். மலைக் குளிருக்குப் பேட்டரி போயிருக்கும் என்றார். எனக்கு ஒப்பவில்லை. இந்தக் கருவிகள் 0 முதல் 35 டிகிரி வரை இயங்கும்படி செய்தவை. உறைபனி ஊட்டிப் பக்கம் மார்கழி, தையில் விழும். எங்கள் ஊர் ஐப்பசியில் அவ்வளவு இறங்காது. "ஃபிளாஷ் பண்ணித் தந்துடலாம், உள்ள இருக்கிறது போயிடும்" என்றார் அடுத்து. மெமரியை மட்டும் கழற்றிப் படிக்க முடியாதா என்று கேட்டேன். அதற்கும் வழியில்லை, உள்ளே இருப்பதெல்லாம் அந்த டேப்லெட்டின் சிப்போடு பூட்டிய சங்கேதமாகத்தான் இருக்கிறது. அந்த டேப்லெட்டே எழுந்தால்தான் உண்டு. வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சித்தப்பா மகன் லேப்டாப்போடு வந்தான். "அக்கா, மொதல்ல சார்ஜ் ஏறுதான்னு பாப்போம்" என்று டார்ச் அடித்து ஓட்டைக்குள் பார்த்தான். அடியில் எதுவோ அடைத்திருந்தது. பல் குத்தும் மரக்குச்சியால் மெதுவாகக் கிளறினேன். உலோக ஊசி கூடாது, உள்ளே இருக்கும் பின்கள் போய்விடும். சுருண்டு சுருண்டு வந்தது சாம்பல் நிற நூல். அப்பாவின் கம்பளி. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன்.

அதுவரை போனுக்கு வந்த 5 வாட் அடாப்டரில்தான் சார்ஜ் போட்டிருந்தேன். டேப்லெட்டின் சொந்த அடாப்டரைத் தேடி எடுத்து மாட்டினோம். அடியோடு வற்றிய பேட்டரி உடனே முகம் காட்டாது; ஒரு மணி நேரமாவது அப்படியே விட வேண்டும். விட்டோம். பிறகு ஹோம் பட்டனையும் மேல் பட்டனையும் சேர்த்துப் பிடித்தால் ஆப்பிள் சின்னம் வந்தது, அணைந்தது, மறுபடி வந்தது, அணைந்தது. அப்டேட் பாதியில் நின்றதால்தான் இப்படி என்று புரிந்தது.

அடுத்தது ரெக்கவரி மோடு, அதாவது எழாத டேப்லெட்டைக் கம்ப்யூட்டர் வழியாகச் சரிசெய்யும் நிலை. லேப்டாப்பில் ஆப்பிளின் ஐடியூன்ஸ் மென்பொருளைத் திறந்து, கேபிளை மாட்டி, அதே இரண்டு பட்டனையும் பிடித்தோம். ஆப்பிள் சின்னம் வந்த பிறகும் கையை எடுக்கக் கூடாது. கேபிளும் கம்ப்யூட்டரும் படமாக வரும்வரை பிடித்திருக்க வேண்டும். ஹோம் பட்டன் இல்லாத ஐபேடில் முறை வேறு: மேல் பட்டனுக்குப் பக்கத்தில் உள்ள வால்யூம் பட்டனை ஒரு தடவை அழுத்தி விட்டு, தள்ளி இருப்பதை ஒரு தடவை அழுத்தி விட்டு, மேல் பட்டனைப் பிடித்தபடியே இருக்க வேண்டும்.

லேப்டாப் திரையில் இரண்டு வழி கேட்டது: ரீஸ்டோர், அப்டேட். கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன், அவசரத்தில் ரீஸ்டோரைத் தொட்டுவிடாதீர்கள். அது எல்லாவற்றையும் துடைத்துவிடும். தொலைந்தால் கண்டுபிடிக்க உதவும் 'ஃபைண்ட் மை' போட்டிருந்தால், துடைத்த பிறகு அப்பாவின் ஆப்பிள் ஐடி பாஸ்வேர்டும் கேட்டு நிற்கும். அப்டேட் என்பது மென்பொருளை மட்டும் புதிதாகப் போட்டு, உள்ளே இருப்பதைத் தொடாமல் விடப் பார்க்கும்.

அப்டேட்டை அழுத்தினோம். 5 ஜிபிக்கு மேல் இறங்க வேண்டும். மழையில் போன் ஹாட்ஸ்பாட் ஊர்ந்தது. டவுன்லோடு 15 நிமிஷத்தைத் தாண்டினால் டேப்லெட் தானாக ரெக்கவரி மோடை விட்டு வெளியே வந்துவிடும். பழையபடி ஆப்பிள் சின்னம் வந்து வந்து அணைந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. டவுன்லோடு பாட்டுக்கு ஓடட்டும், முடிந்ததும் திரும்ப ரெக்கவரிக்குக் கொண்டுபோகலாம் என்றான் தம்பி. அதில் ஒரு தடவை லேப்டாப் தூங்கிப்போய், டவுன்லோடு முதலிலிருந்து ஆரம்பித்தது. ஸ்லீப்பை அணைத்துவிட்டு ராத்திரி 11 மணிக்கு மறுபடி போட்டோம். விடிகாலை 4 மணிக்கு இறங்கி முடிந்தது.

திரும்ப ரெக்கவரி, திரும்ப அப்டேட். பாதி தூரம் கோடு நகர்ந்து 4013 என்று எரர் காட்டி நின்றது. வேலை நடக்கும்போது டேப்லெட்டுக்கும் கம்ப்யூட்டருக்கும் இடையில் தொடர்பு அறுந்தது என்று அர்த்தம். நாங்கள் மாட்டியிருந்தது பஸ் ஸ்டாண்டில் வாங்கிய கேபிள், அதுவும் யூஎஸ்பி ஹப் வழியாக. தம்பி அன்றைக்கே மேட்டுப்பாளையம் இறங்கி ஒரிஜினல் கேபிள் வாங்கி, கடைசி பஸ்ஸில் மலை ஏறி வந்தான். ஹப்பை எடுத்துவிட்டு லேப்டாப்பிலேயே நேராக மாட்டினோம். டேப்லெட்டை மேஜையில் வைத்துவிட்டு யாரும் தொடவில்லை.

'ஹலோ' என்று வந்தால் எல்லாம் அழிந்துவிட்டது, பாஸ்கோடு கேட்டால் பிழைத்துவிட்டது. கோடு ஓடி முடித்துத் திரை ஒரு நிமிஷம் கறுத்தது. பிறகு வால்பேப்பர் வந்தது, எங்கள் வீட்டுப் பின்னால் உள்ள தேயிலைச் சரிவு. கீழே பாஸ்கோடு கேட்டது. அம்மாதான் போட்டார்.

41 பதிவும் இருந்தன. அன்றைக்கே ஒவ்வொன்றாக லேப்டாப்பிலும் இரண்டு பென்டிரைவிலும் ஏற்றினோம். ஒரு பென்டிரைவ் சித்தப்பா வீட்டில் இருக்கிறது.

கப்பல் பதிவைப் போடச் சொன்னார் அம்மா. அவரும் அதே கப்பலில் வந்த சின்னப் பிள்ளைதான். தகரக் கூரையில் மழை விழும் சத்தம், நடுவில் ஒரு இருமல், பிறகு அப்பாவின் குரல்: "நாங்க ஏறுனப்ப நல்லா விடிஞ்சிருந்துச்சு."

"இல்லைங்க, அப்ப பொழுது சாஞ்சிருச்சு" என்றார் அம்மா, டேப்லெட்டைப் பார்த்து.