கரண்டியில் நிற்கும் பதம்: இணை உணவு நாட்குறிப்பு

மார்ச் 3

“ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், அதன்பின் இணை உணவு.” குழந்தைக்கு என்ன கொடுக்க வேண்டும் என்று கேட்டால் பெரும்பாலான தாய்மார்கள் சரியாகவே சொல்லிவிடுகிறார்கள். இணை உணவு என்றால் தாய்ப்பாலோடு சேர்த்துக் கொடுக்கும் கூழ் போன்ற உணவு. அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. “நேற்று கண் விழித்ததிலிருந்து தூங்கும்வரை குழந்தை என்னென்ன சாப்பிட்டது, எவ்வளவு, யார் ஊட்டியது?” என்று கேட்டால்தான் நிலவரம் தெரியும். பால் மட்டும் என்று சொன்ன வீட்டிலேயே தாகத்துக்கென்று நாலு கரண்டி தண்ணீர் போயிருக்கும். தாய்ப்பாலில் ஏறத்தாழ 88 விழுக்காடு தண்ணீர்தான். தனியாகக் கொடுத்தால் வயிறு நிறைந்து குழந்தை பால் குடிப்பது குறையும். அதோடு கிருமியும் உள்ளே போகும்.

ஊட்டுவது பாட்டி என்றால், சொல்ல வேண்டியதைப் பாட்டியிடமும் சொல்ல வேண்டும். தாயை மட்டும் உட்கார வைத்துப் பேசுவதில் பாதிப் பயன்தான்.

மார்ச் 5

அதிகம் பிசகுவது பதத்தில்தான். தொண்டையில் சிக்கிவிடுமோ என்ற பயத்தில் கூழை நீர்க்கக் கரைத்துவிடுகிறார்கள். குழந்தையின் இரைப்பை கொள்வது எடையில் கிலோவுக்குச் சுமார் 30 மில்லி. 8 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 240 மில்லி, அதோடு சரி. அதில் பெரும்பகுதி தண்ணீரானால் வயிறு நிறையும், எடை ஏறாது. கரண்டியைச் சாய்த்துப் பாருங்கள்: கூழ் வழிந்து ஓடக் கூடாது, மெல்ல நழுவ வேண்டும்.

அவ்வளவு கெட்டியாக இருந்தால் சில குழந்தைகள் விழுங்கத் திணறும். அதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம், முளைமாவு போதும். தானியத்தை இரவு முழுக்க ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி முளைவிட்டதும் நன்றாகக் காயவைத்து, முளையையும் வேரையும் தேய்த்து நீக்கி அரைக்க வேண்டும். வறுக்கக் கூடாது, வறுத்தால் மாவுச்சத்தை உடைக்கும் நொதி செயலிழந்துவிடும். கெட்டிக் கூழை இறக்கி, கொதி அடங்கியதும், சூடு இருக்கும்போதே ஒரு தேக்கரண்டி கலக்கினால் சில நிமிடங்களில் இளகும். கொதிக்கும்போதே போட்டால் இளகாது, காரணம் அதே நொதிதான். இளகியபின் மறுபடி ஒரு கொதி விடுவது கட்டாயம். முளைமாவில் கிருமி இருக்கலாம்.

கடைசியில் ஒரு தேக்கரண்டி எண்ணெய். அளவு கூடாமலேயே 40 கலோரிக்கு மேல் சேர்ந்துவிடும்.

மார்ச் 9

6 முதல் 8 மாதம் வரை நாளுக்கு 2–3 வேளை. இரண்டு மூன்று கரண்டியில் தொடங்கி 250 மில்லி கிண்ணத்தில் பாதிவரை போகலாம். 9 மாதத்திலிருந்து 3–4 வேளை, அரை முதல் முக்கால் கிண்ணம். ஒரு வயதுக்குமேல் முக்கால் முதல் முழுக் கிண்ணம். இடையே ஒன்றிரண்டு சிறு தீனி. தாய்ப்பால் இரண்டு வயதுவரையோ அதற்குமேலுமோ தொடரட்டும்.

குழந்தைக்குத் தனிக் கிண்ணம் வையுங்கள். பொதுத் தட்டில் அண்ணன் அக்காவோடு சாப்பிடும் குழந்தை எவ்வளவு தின்றது என்று யாராலும் சொல்ல முடியாது.

மார்ச் 14

வயிற்றுப்போக்கு வந்ததும் உணவை நிறுத்துவது இன்னும் ஒழியவில்லை. குடலுக்கு ஓய்வு என்பார்கள். ஆனால் பட்டினியில் குடல் ஆறுவது தாமதமாகும். தாய்ப்பாலை அடிக்கடி கொடுங்கள். உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை, உறையில் எழுதியுள்ள அளவு தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும். பாதிப் பொட்டலத்தைக் குத்துமதிப்பாகக் கரைத்தால் உப்பின் அளவு மாறி ஆபத்தாகிவிடும். துத்தநாக மாத்திரை ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நாளுக்கு 10 மில்லிகிராம், அதற்கு மேற்பட்டால் 20. 10 முதல் 14 நாள் வரை. போக்கு நின்றதும் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள், கணக்கு முடியும்வரை கொடுக்க வேண்டும். குணமானபின் இரண்டு வாரம் தினமும் ஒரு வேளை கூடுதல் உணவு. இழந்த எடை திரும்புவது அப்போதுதான்.

மார்ச் 18

கைச்சுற்றளவு நாடா, அதாவது மேல்கையைச் சுற்றி அளந்து குழந்தையின் மெலிவைக் காட்டும் நாடா, 6 மாதம் முதல் 5 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு. இடது கையை முழங்கையில் மடக்கி, தோள்முனைக்கும் முழங்கை முனைக்கும் நடுப்புள்ளியைக் குறித்து, கையைத் தொங்கவிட்டு அளக்க வேண்டும். நாடா தோலை இறுக்கினாலும் தளர்ந்தாலும் அளவு பொய்யாகும். 12.5 செ.மீ.க்குக் கீழே மிதமான ஊட்டக்குறைவு, 11.5 செ.மீ.க்குக் கீழே கடுமையானது. தாய்மார்களே வீட்டில் அளக்கலாம்; அவர்கள் கையில் நாடா இருந்தால் மெலிவு முன்கூட்டியே பிடிபடும்.

பாதத்தையும் பாருங்கள். இரண்டு பாதத்தின் மேற்புறத்திலும் கட்டைவிரலால் மூன்று நொடி அழுத்தி எடுக்கும்போது இரண்டிலும் குழி நின்றால் அது ஊட்டக்குறைவு வீக்கம். தேங்கிய நீரால் எடை கூடிக் காட்டும், கன்னம் உப்பும், வீட்டில் குழந்தை தேறிவிட்டது என்று நினைப்பார்கள். இந்த வீக்கம் இருந்தால், நாடா என்ன காட்டினாலும் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.