சிறு கல், 765 டாலர்

கிறைஸ்ட்சர்ச் விமான நிலையத்தில் கார் சாவி கைக்கு வருவதற்கு முன்பே ஊழியர் ஒரு தாளை நீட்டினார். வாடகையோடு அடிப்படைக் காப்புறுதி உண்டு. ஆனால் வண்டிக்குச் சேதம் வந்தால் முதல் 4,000 நியூசிலாந்து டாலர் வரை நாம்தான் கட்ட வேண்டும். இதைத்தான் எக்சஸ் என்கிறார்கள். நாளுக்கு 18 டாலர் கூடுதலாகக் கொடுத்தால் எக்சஸ் 1,500 ஆகக் குறையும், 36 கொடுத்தால் எக்சஸே கிடையாது. எங்களுக்கு ஒன்பது நாள் பயணம். இரவு முழுக்க விமானத்தில் வந்த அப்பாவும் அம்மாவும் பின்னால் பெட்டிகள் மேல் சாய்ந்து நின்றார்கள். எதிலாவது கையெழுத்தைப் போட்டுவிட்டுக் கிளம்பலாம் என்றுதான் அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றும்.

சிங்கப்பூரில் எடுத்த பயணக் காப்புறுதியில் வாடகைக் கார் எக்சஸுக்கு 1,500 சிங்கப்பூர் வெள்ளி வரை உண்டு என்று முன்னமே படித்து வைத்திருந்தேன். 4,000 டாலர் என்றால் 3,000 வெள்ளிக்கு மேல். பாதிக்கு மேல் என் தலையில் விழும். 1,500 டாலர் என்றால் சுமார் 1,160 வெள்ளி, அது வரம்புக்குள் அடங்கிவிடும். அதனால் நடுவில் இருந்ததையே எடுத்தேன், மொத்தம் 162 டாலர். கையெழுத்துக்கு முன் ஒன்று கேட்டேன்: "முன்கண்ணாடி, டயர் எல்லாம் இதில் சேருமா?" பல ஒப்பந்தங்களில் இவை விலக்கு. விலக்கு என்றால் அந்தச் செலவு எக்சஸ் கணக்கிலேயே வராது, நம் காப்புறுதியும் தர மறுக்கலாம். கண்ணாடி சேரும், டயரும் வண்டியின் அடிப்பகுதியும் சேராது என்று பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டேன். பிணையாக 1,500 டாலரைக் கடன் அட்டையில் நிறுத்திவைத்தார்கள். அப்புறம் வண்டியைச் சுற்றி வந்து காணொளி எடுத்தேன்.

அங்கும் நம்மைப் போல இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள், சிங்கப்பூர் உரிமமும் செல்லும். ஓட்டுவதில் சிரமமே இல்லை. ஆனால் அது டிசம்பர் மாதம், கோடைக்காலம். சாலைக்குப் புதிதாகச் சல்லி போடும் காலமும் அதுதான். ஃபேர்லியைத் தாண்டி டெக்கப்போவுக்குப் போகும் வழியில் 30 கிலோமீட்டர் வேகப் பலகை இருந்தது. நான் மெதுவாகத்தான் போனேன், எதிரில் வந்த லாரி மெதுவாக வரவில்லை. டப்பென்று ஒரு சத்தம். அம்மா "என்னய்யா அது?" என்று பதறினார். கண்ணாடியின் இடது ஓரத்தில் மிளகு அளவு குழி, அதைச் சுற்றி நட்சத்திரம் போல நாலு கீறல்.

டெக்கப்போ போய்ச் சேர்ந்ததும் வாடகை நிறுவனத்துக்குப் போன் போட்டேன். ஓட்டுநர் பார்வையை மறைக்கவில்லை என்றால் ஓட்டலாம், நீங்களாகப் பழுது பார்க்க வேண்டாம் என்றார்கள். சொன்னதை அப்படியே ஒரு மின்னஞ்சலிலும் எழுதி அனுப்பி வைத்தேன். மறுநாள் காலை நல்ல குளிர். நான் யோசிக்காமல் சூடான காற்றைக் கண்ணாடி மீது திருப்பிவிட்டேன். கண் எதிரே ஒரு கீறல் சத்தமில்லாமல் ஒரு சாண் நீளத்துக்கு ஓடியது. சின்னக் குழியாகவே இருந்திருந்தால் பிசின் வைத்து அடைத்திருப்பார்கள். இனி முழுக் கண்ணாடியையும் மாற்ற வேண்டியதுதான். இந்தக் காலத்து வண்டிகளில் கண்ணாடிக்குப் பின்னால் கேமரா இருப்பதால் அதையும் திரும்பச் சீர்செய்ய வேண்டும், அதற்குத் தனிச் செலவு.

குவீன்ஸ்டவுனில் வண்டியை விடும்போது சேத அறிக்கையில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். நாலு நாள் கழித்து அட்டையில் 765 டாலர் பிடித்தார்கள்: பழுதுக்கு 690, நிர்வாகக் கட்டணம் 75.

என் பயணக் காப்புறுதி வாடகை நிறுவனத்துக்கு நேராகப் பணம் கட்டாது. நாம் கட்டிவிட்டுத்தான் திரும்பக் கேட்க வேண்டும். ஊர் திரும்பி 30 நாளுக்குள் கேட்க வேண்டும் என்பது என் பாலிசியின் விதி. வாடகை ஒப்பந்தம், சேத அறிக்கை, உரிமம், விமான அனுமதிச் சீட்டு, அட்டைக் கணக்கு, படங்கள் என்று எல்லாவற்றையும் அனுப்பினேன். ஒன்றே ஒன்றில் நின்றது. வாடகை நிறுவனம் எனக்குத் தந்திருந்தது பழுதுக்கான மதிப்பீடு. காப்புறுதிக்காரர்கள் கேட்டதோ வேலை முடிந்த பில். மூன்று முறை மின்னஞ்சல் எழுதியும் பதில் வரவில்லை. கடைசியில் கிறைஸ்ட்சர்ச் கிளைக்கே போன் செய்து, ஒப்பந்த எண்ணைச் சொல்லி, 30 நாள் கெடு பற்றியும் சொன்னேன். போனில் பேசிய பெண் அன்றைக்கே பில்லை அனுப்பிவிட்டார். அவருக்கு நான் இன்றும் நன்றி சொல்கிறேன். நேரிலேயே, வண்டியை விடும்போதே, பில் யார் அனுப்புவார் என்று கேட்டு அவருடைய மின்னஞ்சலை வாங்கி வைத்திருக்க வேண்டும்.

பில் போய்ச் சேர்ந்த பத்தாம் நாள் 531 வெள்ளி வங்கிக் கணக்கில் வந்தது. நிர்வாகக் கட்டணம் எக்சஸில் சேராது என்று 75 டாலரைக் கழித்துவிட்டார்கள். வெளிநாட்டுப் பரிமாற்றத்துக்காக அட்டையில் பிடித்த கட்டணமும் திரும்பவில்லை.