பாதாம் பிசினும் 4 மார்க்கும்

ஆய்வு உதவித்தொகைக்கும் உதவிப் பேராசிரியர் வேலைக்குமான தகுதித் தேர்வான சி.எஸ்.ஐ.ஆர். நெட் லைஃப் சயின்ஸில் பார்ட் சி கேள்வி ஒன்றுக்கு 4 மார்க். முதல் தடவை, செல்லின் கன அளவு பற்றி வந்த கேள்வியைப் பார்த்ததும் குஷியாகி, தப்பாக அடித்துவிட்டு வந்தேன். செல்லின் எலும்புக்கூடான சைட்டோஸ்கெலிட்டன் பந்தக்கால் மாதிரி, வீங்க விடாமல் பிடித்து நிறுத்தும் என்று உருப்போட்டிருந்தேன். தாவர செல்லின் சுவர் செய்கிற வேலையைத் தூக்கி அந்த எலும்புக்கூட்டின் புரத இழையான ஆக்டின் தலையில் வைத்தது என் தப்பு.

தெளிவு வந்தது வீட்டு அடுப்படியில். ஜிகர்தண்டாவுக்காக அம்மா ராத்திரி ஊறப்போட்ட நாலு துண்டு பாதாம் பிசின், காலையில் கிண்ணம் நிறைய நின்றது. பிசின் ஊறும், அதன் வலை இழுத்துப் பிடிக்கும் அளவில் நிற்கும், அவ்வளவுதான். விலங்கு செல்லோ, நீர்த்த கரைசலில் வீங்கிய பிறகு, அதே கரைசலில் இருந்தபடியே சில நிமிடங்களில் பழைய அளவை நோக்கி இறங்குகிறது. பொட்டாசியமும் குளோரைடும் சவ்விலுள்ள சேனல்கள் என்ற புரத வாசல்கள் வழியே வெளியேற, தண்ணீரும் பின்னாலேயே போகிறது.

இதில் ஆக்டினுக்கு என்ன வேலை? சவ்வு சில சதவீதத்துக்கு மேல் இழுபடாது, கிழிந்துவிடும். வீங்க இடம் தருவது அதன் மடிப்புகள். அவற்றைத் தாங்குவது அடியில் இருக்கும் ஆக்டின் வலை. வீக்கத்தில் அந்த வலை தளர்ந்து மாறி அமைவது, சேனல்கள் திறப்பதோடும் பல செல்களில் பின்னிக் கிடக்கிறது. சைட்டோகலாசின் என்ற வேதிப்பொருளைப் போட்டு ஆக்டினைக் குலைத்தால், பல செல் வகைகளில் (எல்லாவற்றிலும் அல்ல, ஆப்ஷனில் ‘எப்போதும்’ என்று இருந்தால் உஷார்) அந்த இறக்கம் மந்தமாகிறது.

அப்புறம் மதுரை நத்தம் ரோடு கலைஞர் நூலகத்தில் உட்கார்ந்து நோட்ஸ் எழுதுவதையே விட்டேன். ஒரே ஒரு வரைபடம்: கிடையில் நேரம், நெடுக்கில் கன அளவு. ஏறும் கோடு, இறங்கும் கோடு. சைட்டோகலாசின் போட்டால் எது மாறும்? வெளிக் கரைசலில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியத்தை நிரப்பினால்? (பொட்டாசியம் வெளியேற வழியில்லை, கோடு இறங்காது.) இப்படி நாலைந்து கோடு போட்டுப் பாருங்கள், ஒரு மணி நேரம் போதும்.

இரண்டாம் தடவை இந்தக் கேள்வியே வரவில்லை. சவ்வுக்கு அடியில் தாங்கும் ஸ்பெக்ட்ரின் என்ற புரத வலை பரம்பரையாகப் பழுதான சிவப்பணு, சாதாரண அணு தாக்குப்பிடிக்கும் உப்புச் செறிவிலேயே ஏன் உடைகிறது என்று கேட்டிருந்தார்கள். சவ்வில் ஒரு பகுதியை இழந்து உருண்டையான அணுவில் விரிய மடிப்பேது? ரஃப் தாளைத் தொடாமலே அடித்தேன்.