கோடுகளும் பூச்சியங்களும்

2025 மே 3
இன்று காலை அட்டவணையைத் தம்பிக்கு அனுப்பிவிட்டேன். பதினான்கு மாதங்கள் சுவடிக்கூடத்தில் குனிந்திருந்து, ஒரு கோப்பித் தோட்டத்தின் 1870களின் மழைப் பதிவேட்டை நாள் நாளாகப் பிரதி எடுத்த அட்டவணை அது. மின்னஞ்சலில் போய்ச் சேர நான்கு செக்கன்கூட எடுக்கவில்லை.

மே 5
பதில் இல்லை.

மே 7
வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்துத் தேநீர்க்கடையில் மூவரும் கூடினோம். தம்பி புள்ளிவிபரவியல், பண்டாரவளையிலிருந்து பேராதனைக்குப் படிக்கப் போன தங்கச்சி தாவர நோயியல், நான் வரலாறு. மற்ற இருவருக்கும் விளங்கும்படி ஐந்து நிமிடத்தில் அவரவர் ஆய்வைச் சொல்லிவிட வேண்டும் என்பது எங்களுக்குள் உள்ள ஏற்பாடு; நான் வழக்கம்போல இருபது நிமிடம் எடுத்தேன்.

தங்கச்சி வடை சுற்றிவந்த தாளில் ஒரு கோப்பி இலையை வரைந்து, அதன் அடிப்புறத்தில் செம்மஞ்சள் தூள் எப்படிப் படியும் என்று காட்டினாள். 1869இல் மடுல்சீமைப் பக்கம் கண்ட இந்தத் துருநோயின் பூஞ்சணத்துக்கு அதே ஆண்டில் பெர்க்லி என்ற பூஞ்சணவியலாளர் ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார் என்பது எனக்கும் தெரியும். 1880இல் இங்கே வந்த தாவரவியலாளர் மார்ஷல் வார்ட், இலையில் நீர்த்துளி நின்றால்தான் பூஞ்சணத்தின் வித்தி முளைக்கிறது என்று காட்டியதையும் படித்திருக்கிறேன். ஆனால் அதன் பொருள் அவள் சொன்ன பிறகுதான் உறைத்தது. "எத்தனை அங்குலம் பெய்தது எண்டது எனக்குப் பெரிசில்ல அக்கா, இலை எவ்வளவு நேரம் ஈரமா இருந்தது எண்டதுதான் வேணும்." ஈரநேரத்தை அந்தக் காலத்தில் யாரும் அளந்து வைக்கவில்லை, ஆகவே மழை பெய்த நாட்களை எண்ணித்தான் அதை ஊகிக்க வேண்டும்.

அப்போது தம்பி மடிக்கணினியைத் திருப்பி, "அக்கா, இந்தக் கோடு பூச்சியமா, வெறுமையா?" என்று கேட்டான்.

நான் பதில் சொல்லவில்லை. பதிவேட்டில் கோடு இருந்தது, நானும் கோடு போட்டேன். உள்ளதை உள்ளபடி எழுதுவதுதான் எங்கள் துறையில் நேர்மை. அவனுடைய கணினிக்கு அந்த நேர்மை செரிக்காது.

மே 8
இரவு அவனிடமிருந்து இன்னொரு செய்தி வந்தது. 1900 சனவரி 1க்கு முந்திய நாட்களை எக்செல் திகதியாகவே ஏற்பதில்லையாம். என்னுடைய 1870கள் முழுவதும் வெறும் எழுத்துகளாகவே கிடந்திருக்கின்றன. வரிசைப்படுத்தியபோது ஏப்ரல் சனவரிக்கு முன்னால் போய் நின்றதாம். தங்கச்சி சிரித்தாள். மார்ச்1 என்ற மனித மரபணுவை அதே மென்பொருள் திகதியாக மாற்றி மாற்றி வைத்ததால், 2020இல் மரபணு ஆய்வாளர்கள் அதன் பெயரையே மாற்றினார்களாம். மென்பொருளைவிட மரபணு இசைந்து கொடுக்கிறது போலிருக்கிறது.

மே 12
வெசாக். கூடம் பூட்டு. வீதியெல்லாம் வெளிச்சக்கூடுகள், மனம் மட்டும் அட்டவணையிலேயே நிற்கிறது.

மேற்பார்வையாளர் தொலைபேசியில் கேட்டது ஒன்றே ஒன்று: "தரவைக் கொடுத்துவிட்டீரா?" திருட்டுக் கொடுத்தவளிடம் விசாரிக்கும் குரல் அது. கட்டுரை வந்தால் யாருடைய பெயர் எங்கே நிற்கும் என்று நான் இதுவரை கேட்டதில்லை. வரலாற்றில் பெரும்பாலும் ஒருவர் பெயர்தான் இருக்கும். தங்கச்சியின் துறையில் வேலையின் பெரும்பங்கைச் செய்தவர் முதலிலும் ஆய்வுகூடத்தின் தலைவர் கடைசியிலும் நிற்பது வழக்கம். கணிதத்தோடு ஒட்டிய இடங்களில் அகரவரிசை நடக்கிறது என்கிறான் தம்பி. மூன்று வீட்டு வழக்கம். எந்த வீட்டுப் பந்தியில் குந்துவது? அகரவரிசை என்றாலும் எந்தப் பெயருக்கு? எனக்குக் குடும்பப்பெயர் கிடையாது. படிவத்தில் அந்த இடத்தில் அப்பாவின் பெயரை எழுதிவிட்டதால், ஏற்கெனவே இரண்டு கட்டுரைகளில் என்னை மேற்கோள் காட்டியவர்கள் அப்பாவையே மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். அவர் ஆயுளில் ஒரு சுவடியையும் திறந்தவரல்லர்.

பூச்சியம் என்றால் எவரோ போய்ப் பார்த்திருக்கிறார், மழை இல்லை. வெறுமை என்றால் எவரும் போகவில்லை. கோடு?

மே 14
எழுத ஒன்றுமில்லை.

மே 17
தங்கச்சி பேராதனையிலிருந்து தொலைபேசியில் கதைத்தபோது போகிற போக்கில் கேட்டாள்: "ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில யாரு அக்கா மழை அளப்பாங்க?" நாற்காலியை இழுத்துப் போட்டு, பழைய ஆண்டுகளின் நாட்காட்டியைக் கண்டுபிடித்து, ஒவ்வொரு கோட்டுக்கும் கிழமை பார்த்தேன். 41 கோடுகளில் 29 ஞாயிறு. அடுத்த நாள் திங்களில் எழுதியிருப்பவை பலவும் பெரிய தொகைகள். ஞாயிறு பெய்த மழை மானிக்குள் தேங்கிக் கிடந்து திங்கட்கிழமைக் கணக்கில் ஏறியிருக்கிறது. பூச்சியமும் இல்லை, வெறுமையும் இல்லை. தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவளுக்கு உடனே தோன்றியது எனக்குப் பதினான்கு மாதமாகத் தோன்றவில்லை.

மீதி 12 கோடுகளுக்கு விளக்கம் இல்லை.

மே 21
தம்பி எல்லாக் கோடுகளுக்கும் பூச்சியம் போட்டு, கணிப்பையும் ஓட்டி, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தன் பேராசிரியருக்கு அட்டவணையோடு அனுப்பியிருக்கிறான். 3ஆம் திகதியே அனுப்பினானாம். ஏழாம் திகதி எனக்கு முன்னால் இருந்து வடை தின்றபோது அது ஏற்கெனவே போய்விட்டது. கோட்டைப் பற்றிய கேள்வியைப் பிறகுதான் கேட்டிருக்கிறான். "பிழைதான் அக்கா, பகிர எண்டுதானே தந்தீங்கள் எண்டு நினைச்சன்" என்கிறான். பொய் சொல்லவில்லை என்று தெரிகிறது. அதனால் கோபம் குறையவில்லை. நீளமாக ஒரு மின்னஞ்சல் எழுதி, அனுப்பாமல் வைத்திருக்கிறேன்.

மே 22
அனுப்பவில்லை.

மே 26
பதிவேட்டை மறுபடியும் எடுத்துத் தரச் சொன்னேன். காலை வெயில் யன்னல் பக்கம் நன்றாக விழுந்தது. ஞாயிற்றுக் கோடுகள் மற்ற எழுத்துகளைப் போலவே மங்கிப் பழுப்பாகியிருக்கின்றன. மற்றப் பன்னிரண்டும் கறுப்பு. பேனா முனையும் தடித்தது. இரண்டு இடங்களில் கோட்டுக்கு அடியில் தாள் சுரண்டப்பட்டிருக்கிறது. சுரண்டிய இடத்தில் ஓர் எண்ணின் வால் தெரிகிறது.

இருவருக்கும் இன்னும் சொல்லவில்லை.